மலையில் விரித்த வலை

ஒரு பிள்ளைக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அது உனக்குத் தெரியுமா என்று கேட்டால் போதும். தெரியாது என்று அவன் எழுதித் தந்தபின், அந்தத் தெரியாதுகளை எல்லாம் ஓரிடத்தில் குவித்து, கூட்டி, வகுத்து, சராசரி கண்டு, இங்கிலீஷில் இருநூறு பக்கம் எழுதி, கெட்டி அட்டை போட்டு, அட்டையில் பொன்னெழுத்துப் பொறித்துச் சர்வகலாசாலையில் சமர்ப்பித்தால் பட்டம் கிடைத்துவிடும். இந்த வித்தைக்கு நம் தேசத்தில் கல்வி ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாக் கல்வி ஆராய்ச்சியும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நாலு நல்லவர்கள் என்மீது வருத்தப்படுவார்கள். நாற்பது பேர் அந்த நாலு பேருக்குப் பின்னால் ஒளிந்து கொள்வார்கள். நான் பேசப் போவது அந்த நாற்பது பேரைப் பற்றி.

ஆராய்ச்சியைப் பற்றிப் பேச உனக்கு என்ன ஐயா யோக்கியதை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன் நான். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் தோசை சுடத் தெரியாதவனுக்கும் தோசை கருகிய வாடை தெரியும். மேலும் கருகுகிற தோசை எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் இலையில் விழும்போது, சமையல்கட்டைப் பற்றிப் பேசாதே என்று என்னைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை, மலைமேல் ஏலம். விடியுமுன்னே ஜீப்புகளில் அடைந்துகொண்டு போடி மெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறிப் பூப்பாறைக்கும் சாந்தம்பாறைக்கும் காய் எடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகள்தாம் அடிவாரத்துப் பள்ளிக்கூடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் சில வருஷங்களுக்கு முன் இலக்கிய மன்றக் கூட்டத்துக்காகப் போயிருந்தேன். எனக்கு முன்னதாக ஓர் ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். அவர் முடித்த பிறகுதான் என் முறை என்று தலைமையாசிரியர் சொன்னதால் பின் பெஞ்சில் உட்கார்ந்து கொண்டேன்.

பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். தலைப்பு என்ன தெரியுமா? மேனிலைப் பள்ளி மாணாக்கரிடையே கடல்சார் பல்லுயிர்ப் பெருக்கம் குறித்த விழிப்புணர்வு நிலை! உள்ளே நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், தீர்மானிக்க இயலவில்லை, மறுக்கிறேன், முற்றிலும் மறுக்கிறேன். பவளப்பாறைகள் காக்கப்பட வேண்டும் என்று ஒரு வாக்கியம். வேண்டாம் என்று எந்தப் பிள்ளை எழுதும்? வாத்தியார் கண்ணெதிரே நிற்கிறபோது காக்கப்பட வேண்டும் என்று எதைச் சொன்னாலும் பிள்ளைகள் முற்றிலும் உடன்படுவார்கள். பூரான் காக்கப்பட வேண்டும் என்றாலும் உடன்படுவார்கள்.

என் பக்கத்துப் பையன் தலைப்பிலேயே சிக்கிக்கொண்டான். பல்லுயிர் என்றால் பல்லு உள்ள உயிரா என்று அடுத்தவனைக் குசுகுசுவென்று கேட்டான். சுறாமீனுக்குப் பல்லுண்டு, அதைத்தான் கேட்கிறார்கள் என்று அடுத்தவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். இதை நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அவர்கள் தமிழ் வார்த்தையைத் தமிழாகப் படித்தார்கள். கேள்வித்தாளை எழுதியவரோ இங்கிலீஷில் யோசித்துத் தமிழ் எழுத்தில் அச்சடித்திருந்தார்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம் நடந்தது. முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், கடல்பசுன்னு போட்டிருக்கே, கடல்ல பசு எப்படி சார் நிக்கும்?" என்று கேட்டாள். அவர் முகத்தில் ஒரு புன்சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் மறைந்தது. "சந்தேகமெல்லாம் கேக்கக் கூடாதும்மா. தெரிஞ்சதை எழுது. நான் சொல்லிட்டா உன் பதில் செல்லாது" என்றார்.

அவருடைய சாஸ்திரப்படி அது சரி. அளக்கிறவன் அளக்கப்படுகிற பொருளைத் தொட்டுக் கலைக்கக் கூடாது, அறிவேன். ஆனால் தாள்களை எல்லாம் வாங்கிக் கட்டி, பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிய பிறகு? அப்போது அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லக் கூடாது என்று எந்தச் சர்வகலாசாலை விதி போட்டிருக்கிறது? பள்ளிக்கூடம் என்று பெயர் எழுதிய கட்டிடத்துக்குள், கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு குழந்தை கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருவர் பதில் சொல்லாமல் போனார். போகும்போது தலைமையாசிரியருக்கு நன்றி சொன்னார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்.

அவர் கெட்டவர் அல்ல. தனியார் கல்லூரி ஒன்றில் ஆசிரியர். பேச்சிலிருந்து தெரிந்தது, வீட்டுக் கடன் உண்டு, பதவி உயர்வு நிற்கிறது. ஆய்வேட்டைக் கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது பிரசுரமாகியிருக்க வேண்டும் என்று 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. பிரசுரம் செய்ய ஆள் வேண்டுமென்றால் கடை திறக்க ஆளில்லாமலா போகும்? காசை வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆராய்ச்சிப் பத்திரிகைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 2018 மே மாதத்தில் அதே குழு தன்னுடைய அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை ஒரே மூச்சில் நீக்க வேண்டி வந்தது. 2022-ல் அந்தக் கட்டாய விதியையே எடுத்துவிட்டார்கள். பதின்மூன்று வருஷம் ஓடிய யந்திரத்தை நிறுத்திவிட்டார்கள், சரி. அதற்குள் அது அரைத்துத் தள்ளிய மாவு எங்கே போயிற்று? எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அதில் ஒரு பணியாரம் தின்றது?

இங்கே வேறொரு கட்சிக்காரர் குறுக்கிடுவார். இவர் எங்கள் ஊர்க்காரர், கெட்டிக்காரர், ஏலக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். "தம்பி, சண்டையெல்லாம் எதுக்கு? மலைப் பிள்ளைக்குக் கடல் எதுக்கு? கேக்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். காய் தரம் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தாப் பிழைச்சுக்கும்" என்பார். பட்டம் வாங்க வந்தவரைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இவரை மன்னிக்க மாட்டேன். ஏனென்றால் இவர் காலையில் எழுந்ததும் கேட்கிற முதல் செய்தி கடலுக்கு அந்தப்புறத்துச் செய்தி. அரபு நாட்டில் ரம்ஜானுக்குக் காய் கேட்கிறார்களா, மருந்து மிச்சம் இருக்கிறதென்று சரக்கைத் திருப்பிவிட்டார்களா என்பதை வைத்துத்தான் போடி ஏலத்தில் விலை ஏறுகிறது, இறங்குகிறது. தன் கல்லாப் பெட்டிக்குக் கடல் வேண்டும்; கூலிக்காரன் பிள்ளையின் புத்திக்கு மட்டும் வேண்டாம்!

கடலுக்கும் போடிக்கும் சம்பந்தம் ஏலக்காய் மூட்டையோடு முடிவதில்லை. போடி மெட்டின் உச்சியில் பெய்கிற மழைக்கு இரண்டு வழி. கிழக்கே சரிந்த தண்ணீர் கொட்டகுடி ஆறாகிப் போடியைத் தொட்டுக்கொண்டு ஓடி வைகையில் கலக்கிறது. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் நிறைந்து, மிஞ்சிய வெள்ளம் ஆற்றங்கரை பக்கம் பாக் நீரிணையில் விழுகிறது. மேற்கே சரிந்த தண்ணீர் பன்னியாறாகிப் பெரியாற்றில் சேர்ந்து கொச்சிப் பக்கம் அரபிக் கடலுக்குப் போகிறது. வைகை எங்கே ஐயா கடலுக்குப் போகிறது என்று சிலர் சிரிக்கலாம். வறண்ட வருஷத்தில் போவதில்லை. வெள்ள வருஷத்தில் போகிறது. மேற்குச் சரிவுத் தண்ணீரைப் பற்றி அந்தச் சந்தேகமும் வேண்டாம். ஏலத்துக்கு அடிக்கிற மருந்து கொஞ்சநஞ்சமல்ல. அடித்துவிட்டு வருகிறவரின் சட்டையை மோந்து பார்த்தால் தெரியும். அந்த மருந்து இலையிலேயே உட்கார்ந்திருக்குமா? மழையோடு இறங்காதா? இறங்கினால் எங்கே போகும்? இதைவிடப் பெரிய கடற்பாடம் ஒரு மலைப் பள்ளிக்கூடத்துக்கு வேறு என்ன இருக்க முடியும்?

அந்தக் கேள்வித்தாள் கேட்காத விஷயம் இன்னொன்று. அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஏலப்பூ செடியின் உச்சியில் பூப்பதில்லை, தூரில், தரையோடு படர்கிற சரத்தில் பூக்கிறது என்று தெரியும். மழை கொஞ்சம் விட்டுக் கொடுத்தால்தான் தேனீ வரும், தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும் என்று தெரியும். மருந்தடித்த மறுநாள் தேனீ குறையும் என்றும் தெரியும். ஒரு பூ, ஒரு பூச்சி, ஒரு மழை, ஒரு மனிதன் ஆகிய நாலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பதைத்தானே ஐயா நீங்கள் பல்லுயிர் என்று பயமுறுத்துகிறீர்கள்? அது அவர்களுக்குத் தெரியும். அந்த முனையைப் பிடித்து இழுத்தால் கடல் தானாக வந்திருக்கும். ஆனால் அதற்குக் கட்டம் போடவில்லை. ஆகவே ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் மலைப்பகுதி மாணவரின் விழிப்புணர்வு 'குறைவு' என்று அவர்கள் தலையில் எழுதப்பட்டிருக்கும்.

பட்டம் வேண்டாம், பக்கம் நிரப்ப வேண்டாம் என்றால், ஒரு மணி நேரத்தில் அந்த வகுப்பில் என்னென்ன சொல்லியிருக்கலாம்! சங்கிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். சாவு வீட்டில் சேகண்டியோடு ஊதுகிற சங்கைப் பார்க்காத பிள்ளை போடியில் கிடையாது. அது மன்னார் வளைகுடா மணலில் ஊர்ந்து, புழுவைத் தின்று வாழ்ந்த ஒரு நத்தையின் வீடு; மூச்சடக்கி முங்கி அதை எடுக்கிறவர்கள் தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் இருக்கிறார்கள் என்று சொன்னால் எந்தப் பிள்ளை கொட்டாவி விடும்? தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் அவற்றைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் உண்டு. பவளம் கல்லல்ல, கோடானுகோடி சிறு பிராணிகள் கட்டிய வீடு. அந்த வீட்டைக் கடப்பாறையால் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டோம். இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் அமிழ்ந்தன. மலையில் மரத்தை வெட்டினால் மண் சரியும் என்று கண்ணால் கண்ட பிள்ளைக்கு இதைப் புரியவைக்க ஆய்வேடு வேண்டுமா?

கடல்பசு விஷயத்துக்கு வருவோம். பாக் நீரிணைப் பக்கத்து மீனவர்கள் அதை ஆவுளியா என்கிறார்கள். மீனல்ல; நம்மைப் போல மூச்சு விடுகிற பிராணி. கடலடியில் புல்வெளி உண்டு, அங்கே மேய்கிறது. சில நிமிஷத்துக்கொரு தரம் மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி முங்குகிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. அதற்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாட்டு அரசு 2022-ல் காப்பகமாக அறிவித்தது. சொல்லி முடிக்க எனக்குக் கால் நிமிஷம் ஆயிற்று.

இந்த அறியாமை மலையில் மட்டும் இல்லை. 2001-ல் கடல் அட்டையையும் பவளத்தையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதாவது புலிக்குச் சமமான அந்தஸ்து. தலைமுறையாக அட்டை எடுத்துப் பிழைத்தவன் ஒரு நாள் காலையில் குற்றவாளி ஆனான். சட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. மண்ணைத் தின்று சுத்தம் செய்து கடலடியைப் புரட்டிப் போடுகிற உழவன் அந்த அட்டை என்று அவன் பிள்ளைக்கு அதற்கு முன்பே யாராவது பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தால், சட்டம் வந்தபோது அது வெறும் போலீஸ்காரன் குச்சியாக மட்டும் வந்திருக்காது. சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியாயிற்று. பாடம் வந்தது, பரீட்சையும் வந்தது.

நம்மிடம் அறிவு இல்லை என்று சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். குருசடைத் தீவின் பிராணிகளைப் பற்றிச் சென்னை மியூசியம் 1927-லேயே ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதற்காக வெயிலில் சேற்றில் இறங்கிக் கல்லைப் புரட்டிப் பார்த்தவர்களை நான் மனசாரக் கும்பிடுகிறேன். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கி, 1949 முதல் 1971 வரை நம் மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்துவிட்டுக் கொச்சிக்குப் போயிற்று. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைச் சர்வகலாசாலையின் நிலையம் இருக்கிறது; உலகம் மதிக்கிற வேலை செய்தவர்கள் அங்கே உண்டு. இத்தனை வருஷத்து அறிவு எந்த மொழியில் இருக்கிறது? சங்கு எடுக்கிறவனும் வாசிக்க முடியாது. ஏலக்காய் எடுக்கிறவளின் பெண்ணும் வாசிக்க முடியாது.

ஆராய்ச்சியை ஜனங்களுக்குச் சொன்னால் அதன் தரம் குறைந்துவிடும் என்று ஒரு பண்டித அபிப்பிராயம் உலாவுகிறது. ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க மாது கடல் உயிரியல் படித்தவர். அரசாங்க மீன் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 1951-ல் கடலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதை நாவல் வாங்குவது போல ஜனங்கள் வாங்கினார்கள். எந்த விஞ்ஞானத்தின் தரம் குறைந்தது? அவ்வளவு தூரம் போவானேன். போடி மெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே 1962-ல் விஞ்ஞானத்தை மலையாளத்தில் எழுதுகிறவர்கள் கூடிச் சாஸ்திர சாகித்திய பரிஷத்தைத் தொடங்கினார்கள். ஆராய்ச்சி கிராமத்து வாசிப்புச் சாலைக்கு வந்தது. இங்கேயும் ஆளில்லாமல் இல்லை. பெ. நா. அப்புஸ்வாமி என்ற ஒரு வக்கீல் அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழில் விஞ்ஞானம் எழுதினார். 1987 முதல் 'துளிர்' பிள்ளைகளுக்காக வருகிறது. ஆனால் நம் சர்வகலாசாலைகளில் ஒருவர் அப்படித் தமிழில் எழுதினால் அதற்குப் பதவி உயர்வில் என்ன மதிப்பெண் என்று விசாரித்துப் பாருங்கள்.

இதனால் எங்கள் ஊர் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பொட்டிப்புரம் மலையைக் குடைந்து, ஐம்பதாயிரம் டன் இரும்பை உள்ளே வைத்து நியூட்ரினோ ஆராய்ச்சி செய்ய 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். ஊர் பயந்தது, எதிர்த்தது, 2022-ல் மாநில அரசே உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. விஞ்ஞானிகள் வந்து பேசாமலில்லை, பேசினார்கள். மலை எங்களுடையது என்று ஊர்க்காரன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஆராய்ச்சி என்றால் எவனோ வந்து எதையோ எடுத்துக்கொண்டு போவது என்றுதான் அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளி நாளிலிருந்தே பார்த்து வந்திருக்கிறார்கள். கேள்வித்தாளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் பழக்கிய பழக்கம் அது. நம்பிக்கை வை என்று திடீரென்று ஒரு நாள் கேட்டால் எங்கிருந்து வரும்?

அந்த ஆராய்ச்சியாளரின் ஏடு முடிந்ததா, பட்டம் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதி வந்ததா என்று மட்டும் தலைமையாசிரியரைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தபின் அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பவனைப் பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. 1928-ல் முதன்முதலாக வந்த எங்கள் ஊர் ரயில், 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நின்று, 2023 ஜூன் 15-ல் திரும்பவும் போடிக்கு வந்துவிட்டது. மதுரைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். மதுரையில் மாறினால் மண்டபம். ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கட்டுச்சோற்றோடு கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் வற்றிய நேரத்தில் கரையில் இறக்கிவிட்டு, கல்லைப் புரட்டிப் பார்க்கச் சொல்ல ஒரு ஆய்வேட்டைத் தட்டச்சடித்து அட்டை கட்டுகிற செலவுதான் ஆகும். போன பிள்ளைகள் என்ன கண்டார்கள், என்ன கேட்டார்கள், எதை நம்ப மறுத்தார்கள் என்று கூடப் போனவர் எழுதட்டும். அதற்கு இரண்டு பிஎச்.டி. பட்டம் வேண்டுமானாலும் கொடுங்கள், நான் கைதட்டுகிறேன்.

அதுவரைக்கும் ஒரு சின்ன காரியம். ஆராய்ச்சிக்காகப் பள்ளிக்குள் நுழைய வேண்டுமானால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் வேண்டும். இந்த நாளில் இந்தப் பள்ளியில் இத்தனை மாணவரிடம் தகவல் திரட்டலாம் என்று அதில் இருக்கும். அதன் கீழே இரண்டு வரி சேர்க்கட்டும்: தாள்களைத் திரும்ப வாங்கிய பிறகு பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும், ஏடு முடிந்ததும் அதன் சாரத்தைத் தமிழில் நாலு பக்கம் எழுதி, அதே வகுப்புக்கு வந்து வாசித்துக் காட்ட வேண்டும். இதற்கு ஒப்பாதவர் ஜீப்பிலிருந்து இறங்க வேண்டாம்.